எடிட்டரை மூடினாலும் மறக்காத கேஷ்: எக்ஸ்டென்ஷன் எழுதுவோர் கேள்வி பதில்

விஎஸ் கோடு என்ற கோட் எடிட்டருக்கு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுதுகிற வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் இடம். கேட்டவை எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: ஒருமுறை கணக்கிட்டதை, எடிட்டரை மூடித் திறந்த பிறகும் கிடைக்கும்படி எங்கே வைப்பது, எப்படி வைப்பது, எப்போது தூக்கிப் போடுவது. இப்படி எடுத்து வைப்பதைத்தான் கேஷ் என்கிறோம். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

கே: ஒரு ப்ராஜெக்டின் சிம்பல் பட்டியலை (ஃபங்ஷன், வேரியபிள் போன்றவற்றின் பெயர்கள்) எடிட்டர் தரும் குளோபல் ஸ்டேட்டில் வைத்திருக்கிறேன். அளவு 6 எம்பி தொட்டுவிட்டது. ‘பெரிய எக்ஸ்டென்ஷன் ஸ்டேட் கண்டறியப்பட்டது’ என்று லாக்கில் ஓர் எச்சரிக்கை வருகிறது. வேலை என்னவோ நடக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

ப: கண்டிப்பாக. எல்லா ப்ராஜெக்டுக்கும் பொதுவான குளோபல் ஸ்டேட்டும், திறந்திருக்கும் வொர்க்ஸ்பேஸுக்கு மட்டுமான வொர்க்ஸ்பேஸ் ஸ்டேட்டும் வெளியே பார்க்கத் தனித்தனிக் கீ (தேடும் பெயர்), தனித்தனி மதிப்பு என்று தெரியும். உள்ளே அப்படி இல்லை. உங்கள் எக்ஸ்டென்ஷனின் கீகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஜேசன் சரமாகி (தரவை உரையாக எழுதும் வடிவம்), எடிட்டர் தனக்கென வைத்திருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைலில் ஒரே ஒரு வரிசையாக உட்காருகின்றன. ‘கடைசியாகத் திறந்த தேதி’ என்ற ஒரு சின்னக் கீயை மாற்றினாலும் அந்த 6 எம்பி முழுவதும் மறுபடி சரமாக்கப்பட்டு, எக்ஸ்டென்ஷன்கள் ஓடும் தனிப் பிராசஸான எக்ஸ்டென்ஷன் ஹோஸ்டிலிருந்து எடிட்டருக்கு அனுப்பப்பட்டு, மறுபடி எழுதப்படும். போதாக்குறைக்கு, எக்ஸ்டென்ஷனைத் தொடங்கி வைக்கும் உங்கள் ஆக்டிவேட் ஃபங்ஷன் ஓடுவதற்கு முன்பே இது முழுவதும் நினைவகத்துக்கு வந்தாக வேண்டும். பயனர் அன்றைக்கு உங்கள் எக்ஸ்டென்ஷனை வெறுமனே ஒரு கமாண்டுக்காகத் தொட்டிருந்தாலும் இந்தச் சுமை உண்டு.

அந்த எச்சரிக்கைக்கான எல்லை 512 கேபி. அதையே இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம். சில பத்து கேபிக்குள் நிறுத்துவதுதான் நல்லது. பயனர் ‘மறுபடி காட்டாதே’ என்று அழுத்திய கொடி, கடைசியாக ஓடிய வெர்ஷன், கேஷின் அமைப்பு எண் போன்றவை ஸ்டேட்டில் இருக்கலாம். சிம்பல் பட்டியல் ஃபைலுக்குப் போக வேண்டும். குளோபல் ஸ்டோரேஜ் யூஆர்ஐ, ஸ்டோரேஜ் யூஆர்ஐ என்று இரண்டு ஃபோல்டர்களை எடிட்டரே உங்களுக்கு ஒதுக்கித் தருகிறது. முதலாவது எல்லா ப்ராஜெக்டுக்கும் பொது. இரண்டாவது இப்போது திறந்திருக்கும் வொர்க்ஸ்பேஸுக்கு மட்டும்.

பழையதை நகர்த்தும்போது வரிசை முக்கியம். முதலில் பழைய கீயைப் படியுங்கள். புதிய ஃபைலை எழுதுங்கள். எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதன் பிறகுதான் பழைய கீக்கு அன்டிஃபைண்ட் கொடுத்து அப்டேட் செய்யுங்கள். அன்டிஃபைண்ட் கொடுத்தால் கீ அழிந்துவிடும். ‘நல்’ என்ற வெற்று மதிப்பைக் கொடுத்தால் அழியாது, அந்த மதிப்போடு அங்கேயே இருக்கும். அப்டேட் ஒரு ப்ராமிஸைத் திருப்பித் தருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். அவெயிட் போடாமல் விட்டால் அதில் வரும் பிழை உங்கள் கண்ணில் படாது.

சிம்பல் பட்டியல் மறுபடி கணக்கிடக் கூடியதுதானே? அப்படியானால் இந்த நகர்த்தலே தேவையில்லை. பழைய கீயை அழித்துவிட்டுப் புதிதாகக் கணக்கிட விடுங்கள். பயனர் கையால் உருவாக்கிய புக்மார்க், குறிப்பு போன்றவை கலந்திருந்தால் மட்டும் மேலே சொன்ன வரிசை. கேஷையும் பயனரின் சொந்தத் தரவையும் ஒரே ஃபைலில் போட்டவர்கள்தான் பின்னால் இரண்டையும் அழிக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

கே: என் கணினியில் எல்லாம் சரி. வேறு சிலர் நிறுவினால் ‘ஃபைல் இல்லை’ என்ற பிழையோடு எக்ஸ்டென்ஷன் எழும்பவே மறுக்கிறது. குளோபல் ஸ்டோரேஜ் யூஆர்ஐயைத்தான் பயன்படுத்துகிறேன்.

ப: அந்த ஃபோல்டரின் முகவரியை மட்டும்தான் எடிட்டர் தருகிறது, ஃபோல்டரை உருவாக்கித் தருவதில்லை. அதற்கு மேலுள்ள ஃபோல்டர் இருக்கும் என்பது மட்டுமே உறுதி. உங்கள் கணினியில் எப்போதோ உருவாகிவிட்டதால் பிழை தெரியவில்லை. எழுதுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கிரியேட் டைரக்டரியைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே இருந்தால் அது சண்டை போடாது, நடுவில் இல்லாத ஃபோல்டர்களையும் சேர்த்தே உருவாக்கும்.

ஸ்டோரேஜ் யூஆர்ஐயில் இன்னொரு பள்ளம்: ஃபோல்டர் எதுவும் திறக்காமல் ஒற்றை ஃபைலை மட்டும் திறந்தவருக்கு அதன் மதிப்பு அன்டிஃபைண்ட். அதை ஜாயின் பாத்துக்குள் நேராகக் கொடுத்தால் விழுந்துவிடும். அந்த நிலையில் கேஷை நினைவகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்; ஒற்றை ஃபைலுக்கு நிலையான கேஷ் தேவைப்படுவது அரிது.

எக்ஸ்டென்ஷன் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள்ளேயே எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஃபோல்டரின் பெயரில் வெர்ஷன் எண் ஒட்டியிருக்கும். அப்டேட் வந்ததும் புதிய ஃபோல்டர் வரும், பழையது போய்விடும், உள்ளே எழுதியதும் கூடவே போகும்.

கே: கேஷ் ஃபைலைத் திறந்தால் சில நேரம் ஜேசன் பாதியில் நிற்கிறது. பார்ஸ் பிழை, அதாவது உரையைத் தரவாக மாற்ற முடியவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடனே எழுதுகிறேன், டீஆக்டிவேட்டிலும் ஒருமுறை எழுதுகிறேன். எங்கே தவறு?

ப: இரண்டு இடத்திலும்.

முதலில், எக்ஸ்டென்ஷன் நிற்கும்போது ஓடும் டீஆக்டிவேட். விண்டோ மூடும்போது அதற்குக் கிடைப்பது சில நொடிகள்தான். ஹோஸ்ட் பிராசஸ் விழுந்தாலோ கணினி அணைந்தாலோ அந்த ஃபங்ஷன் ஓடவே ஓடாது. 20 எம்பி ஃபைலை அங்கே எழுத ஆரம்பித்தால் பாதியில் வெட்டுப்படத்தான் செய்யும். மாற்றம் நின்று 2 நொடி கழித்து எழுது, மாற்றம் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தாலும் 30 நொடிக்கு ஒருமுறை கட்டாயம் எழுது என்று டைமர் வையுங்கள். டீஆக்டிவேட்டில் மிச்சம் இருந்தால் எழுதலாம். ஆனால் அது எழுதாவிட்டாலும் கடைசி 30 நொடி வேலைதான் போகும் என்ற நிலையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, இருக்கிற ஃபைலின் மேலேயே எழுதுவது. அப்படி எழுதும்போது பழைய உள்ளடக்கம் முதலில் வெட்டப்பட்டு, பிறகுதான் புதியது கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. இடையில் யார் படித்தாலும் பாதிதான் கிடைக்கும். இதற்குப் பழகிய வழி: அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் முழுவதும் எழுதி முடித்து, பிறகு உண்மையான பெயருக்கு ரீனேம் செய்வது. ‘அதே ஃபோல்டர்’ என்பது முக்கியம். சிஸ்டத்தின் டெம்ப் ஃபோல்டர் வேறு டிஸ்க்கில் இருந்தால் ரீனேம் நடக்காது, பிழைதான் வரும். சில லைப்ரரிகள் அப்போது சத்தமில்லாமல் காப்பிக்கு மாறிவிடும், பழைய பிரச்சினை திரும்ப வரும். தற்காலிகப் பெயரில் பிராசஸ் எண்ணும் ஒரு ராண்டம் துண்டும் சேருங்கள். இல்லாவிட்டால் இரண்டு விண்டோக்கள் ஒரே தற்காலிக ஃபைலில் எழுதும்.

டெஸ்க்டாப்பில் நோடின் எஃப்எஸ் மாட்யூல் வழியாக ரீனேம் செய்தால் படிப்பவருக்குப் பழையது முழுதாகவோ புதியது முழுதாகவோ கிடைக்கும். வொர்க்ஸ்பேஸ் எஃப்எஸ் வழியிலான ரீனேமுக்கு, ஓவர்ரைட் கொடுத்தாலும், அந்த உத்தரவாதம் எங்கும் எழுதப்படவில்லை. விண்டோஸில் கூடுதலாக ஒரு தொல்லை: அந்த நேரத்தில் வேறு விண்டோவோ வைரஸ் ஸ்கேனரோ ஃபைலைத் திறந்து வைத்திருந்தால் ரீனேம் ‘அனுமதி இல்லை’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 50, 100, 200 மில்லி செகண்ட் இடைவெளியில் மூன்று முறை முயலுங்கள். அதன் பிறகும் நடக்கவில்லையா? தற்காலிக ஃபைலை அழித்துவிட்டுப் பேசாமல் போய்விடுங்கள். கேஷ் எழுத முடியவில்லை என்று பயனருக்குச் செய்திப் பெட்டி காட்டுவது நாகரிகமல்ல. லாக்கில் ஒரு வரி போதும்.

விண்டோக்கள் பற்றி: ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட். இரண்டும் ஒரே பெரிய ஃபைலைப் படித்து, தன் பங்கைச் சேர்த்து, திரும்ப எழுதினால் கடைசியில் எழுதியவர் வென்றார், முன்னவர் சேர்த்தது காணாமல் போனது. ரீனேம் இதற்கு மருந்தல்ல. குளோபல் ஸ்டேட்டுக்கும் இதே வியாதி உண்டு. அதில் வேறொரு விண்டோ மாற்றியதைச் சொல்ல உங்களுக்கு ஈவென்ட்கூடக் கிடையாது. பூட்டு ஃபைல் வைக்கலாம் என்று சிலர் போவார்கள். பூட்டியவர் செத்துப்போனால் பூட்டைத் திறப்பது யார் என்ற புதிய கதை தொடங்கும். ஒரு பதிவுக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துவிடுங்கள். ஃபைலின் பெயரே உள்ளடக்கத்தின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற சரம்) என்றால், இரண்டு விண்டோக்கள் ஒரே பெயரில் எழுதினாலும் இரண்டும் எழுதுவது ஒன்றையேதான். யார் வென்றாலும் நஷ்டமில்லை.

இத்தனைக்குப் பிறகும் மின்சாரம் போனால் ரீனேம் ஆன ஃபைல் காலியாக இருக்க வாய்ப்பு உண்டு, ஏனெனில் எழுதியது டிஸ்க்கில் இறங்கும்முன் பெயர் மாறியிருக்கலாம். எழுதியதை உடனே டிஸ்க்கில் இறக்கச் சொல்லும் எஃப்சிங்க் போட்டால் தவிர்க்கலாம், வேகம் குறையும். கேஷுக்கு அந்த விலை தேவையில்லை. படிக்கும்போது பார்ஸ் தோற்றால் ‘கேஷில் இல்லை’ என்றே எடுத்துக்கொண்டு, அந்த ஃபைலை அழித்து, மறுபடி கணக்கிடுங்கள். பார்ஸ் பிழை ஆக்டிவேட்டுக்கு வெளியே கசிந்து எக்ஸ்டென்ஷனையே படுக்க வைப்பதுதான் இதில் மன்னிக்க முடியாத பிழை.

கே: மேப்பை ஸ்டேட்டில் வைத்தேன். வைத்த உடனே எடுத்தாலும் வெற்று ஆப்ஜெக்ட் வருகிறது.

ப: ஸ்டேட்டில் நுழைவது எல்லாம் ஜேசன் வழியாகத்தான் போகும். மேப், செட் இரண்டும் வெற்று ஆப்ஜெக்டாகும்; தேதி சரமாகும்; ஃபங்ஷன் மறையும்; யூஆர்ஐ ஆப்ஜெக்ட் தன் மெத்தடுகளை இழந்து வெறும் ஆப்ஜெக்டாகத் திரும்பும். மேப்பை எண்ட்ரீஸ் அரேவாக மாற்றி வையுங்கள், யூஆர்ஐயை டு ஸ்ட்ரிங் செய்து வைத்துப் படிக்கும்போது பார்ஸ் செய்யுங்கள்.

கே: லின்ட் (கோடில் பிழை தேடும் சோதனை) முடிவுகளை ஃபைலின் மாற்ற நேரத்தை வைத்து கேஷ் செய்கிறேன். பயனர்கள் ‘பழைய பிழையையே காட்டுகிறது’ என்கிறார்கள். கேஷை அழித்தால் சரியாகிவிடுகிறது. மாற்ற நேரத்தோடு வேறு என்ன சேர்க்க வேண்டும்?

ப: கேள்வியைத் திருப்பிப் போடுவோம். லின்ட் முடிவு எதையெல்லாம் பொறுத்து மாறும்? அவை எல்லாம் கீக்குள் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் நீங்கள் சொல்லும் புகார்தான் வரும்.

ஃபைலின் உள்ளடக்கம் முதலாவது. அடுத்து, லின்டரின் வெர்ஷன். பயனர் அதை அப்டேட் செய்தால் ஃபைல் மாறாமலே முடிவு மாறும். அடுத்து, விதிகளின் கான்ஃபிக்; அது ப்ராஜெக்டில் ஒரு ஃபைல், எடிட்டர் செட்டிங்கில் சில, மேல் ஃபோல்டரில் இன்னொரு ஃபைல் என்று சிதறிக் கிடக்கும். எல்லாம் இணைந்தபின் கிடைக்கும் இறுதி கான்ஃபிக்கின் ஹாஷை எடுங்கள், தனித்தனி ஃபைல்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கடைசியாக, உங்கள் எக்ஸ்டென்ஷனே முடிவைப் பதப்படுத்தும் விதம். அதற்கு ஒரு முழு எண் வைத்து, முடிவின் வடிவத்தை மாற்றும்போதெல்லாம் ஒன்று கூட்டுங்கள். எக்ஸ்டென்ஷனின் வெர்ஷனையே பயன்படுத்தலாம்தான். ஆனால் ரீட்மீயில் எழுத்துப்பிழை திருத்தி வெளியிட்டாலும் எல்லோருடைய கேஷும் காலியாகும்.

இவற்றைச் சேர்க்கும்போது வெறுமனே ஒட்டாதீர்கள். ‘1’, ‘23’ ஒட்டினாலும் ‘12’, ‘3’ ஒட்டினாலும் ‘123’தான். அரேவாக்கி ஜேசன் சரமாக்குங்கள், அதற்கு ஷா-256 எடுங்கள். கான்ஃபிக் ஆப்ஜெக்டில் கீகளை அகரவரிசைப்படுத்தவும். வரிசை மாறினால் பொருள் மாறாவிட்டாலும் ஹாஷ் மாறும்.

இப்போது மாற்ற நேரத்துக்கு வருவோம். அது இரண்டு பக்கமும் ஏமாற்றும். கிட்டில் கிளை மாறித் திரும்பி வந்தால் உள்ளடக்கம் அதேதான், நேரம் மட்டும் புதியது. வீணாக மறுபடி கணக்கிடுவீர்கள். எதிர்ப்பக்கம்தான் ஆபத்து: ஆர்கைவிலிருந்து பிரித்த ஃபைலும், நேரத்தைக் காத்துக் காப்பி செய்த ஃபைலும் புதிய உள்ளடக்கத்தோடு பழைய நேரத்தைச் சுமந்து வரும். ஃபேட் வகை டிஸ்க்கில் மாற்ற நேரத்தின் துல்லியமே 2 நொடிதான். அந்த இடைவெளிக்குள் இரண்டு முறை சேமித்தால் இரண்டுக்கும் ஒரே நேரம்.

அதற்காக நேரத்தை விட்டுவிடவும் வேண்டாம், அதை முதல் சல்லடையாக வையுங்கள். பாதை, அளவு, மாற்ற நேரம், ஹாஷ் நான்கையும் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அளவும் நேரமும் அதேயானால் குறித்த ஹாஷை நம்பலாம். ஒன்று மாறினாலும் ஃபைலைப் படித்து ஹாஷை மறுபடி எடுக்க வேண்டும். ஹாஷ் அதேயாக இருந்தால் முடிவு இன்னும் செல்லும், பட்டியலில் நேரத்தை மட்டும் திருத்தினால் போதும். கூடவே கிட் தன் இண்டெக்ஸில் செய்கிற ஒரு காரியத்தையும் கடன் வாங்குங்கள்: குறித்துக்கொண்ட தருணமும் ஃபைலின் மாற்ற நேரமும் மிக நெருக்கமாக, சொல்லப்போனால் 2 நொடிக்குள் இருந்தால், அந்தக் குறிப்பை நம்பாமல் அடுத்த முறை ஹாஷ் எடுத்தே தீருங்கள். சில பத்து கேபி ஃபைலுக்கு ஹாஷ் எடுக்க ஒரு மில்லி செகண்டுகூட ஆகாது. நேரம் பிடிப்பது டிஸ்க்கிலிருந்து படிப்பதுதான்.

டாக்குமெண்ட் வெர்ஷன் என்று ஏபிஐயில் ஓர் எண் இருக்கிறதே என்று சிலர் அதைக் கீயில் சேர்க்கிறார்கள். அது ஃபைல் திறந்திருக்கும் காலத்துக்கு மட்டும் ஏறும் எண். மூடித் திறந்தால் முதலிலிருந்து தொடங்கும். நேற்றைய 7-உம் இன்றைய 7-உம் வேறு வேறு உள்ளடக்கம். நிலையான கேஷுக்கு அது விஷம். அதேபோல், சேமிக்கப்படாத மாற்றங்கள் உள்ள டாக்குமெண்டில் எடிட்டர் காட்டும் உரை வேறு, டிஸ்க்கில் உள்ளது வேறு. ஹாஷை எதிலிருந்து எடுத்தீர்களோ அதையே லின்டருக்கும் கொடுங்கள். எடிட்டர் உரையில் கணக்கிட்டு டிஸ்க் நேரத்தோடு குறித்து வைத்தால், பயனர் மாற்றத்தைச் சேமிக்காமல் மூடிய அன்றைக்கு மாட்டிக்கொள்வீர்கள்.

ஃபைல் வாட்ச்சர் இருக்கிறதே, மாற்றம் வந்தால் அது சொல்லாதா என்று கேட்பீர்கள். விண்டோ திறந்திருக்கும்வரை சொல்லும். மூடியிருந்தபோது கிட் புல் செய்ததை யார் சொல்வது? வாட்ச்சர் விலக்குப் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களிலிருந்தும் செய்தி வராது. திறக்கும்போது ஒருமுறை சல்லடை ஓட வேண்டும், அதன் பிறகு வாட்ச்சர்.

ஒரு ஃபைலின் முடிவு அது இம்போர்ட் செய்யும் ஃபைல்களையும் பொறுத்தது என்றால், அந்தந்த ஃபைலின் ஹாஷையும் கீயில் சேர்த்தாக வேண்டும். டைப் சோதிக்கும் விதிகள் இந்த ரகம். ஒரு பொது ஃபைல் மாறினால் பாதி ப்ராஜெக்டின் கீகள் மாறும். அது சரியான நடத்தைதான். அதைச் சுற்றிக் குறுக்குவழி தேட வேண்டாம்.

கே: விண்டோஸில் ஒரே ஃபைலுக்கு இரண்டு பதிவுகள் விழுகின்றன.

ப: டிரைவ் எழுத்தைப் பாருங்கள். எடிட்டரின் யூஆர்ஐயிலிருந்து வரும் பாதையில் அது சிறிய எழுத்து. வெளியே ஓடும் கருவிகள் தருவதில் பெரும்பாலும் பெரிய எழுத்து. பாதையைக் கீயாக்கும் முன் ஒரே ஃபங்ஷன் வழியாகச் செலுத்துங்கள். வொர்க்ஸ்பேஸுக்குள் உள்ள ஃபைல் என்றால் அதன் வேரிலிருந்து வரும் சார்புப் பாதையைக் குறிப்பது இன்னும் மேல்.

கே: எஸ்எஸ்எச் வழியாக வேறொரு கணினியில் வேலை செய்பவர்களுக்குக் கேஷ் இருக்கிறது என்று என் கோட் நினைக்கிறது, ஃபைல் மட்டும் இல்லை. கன்டெய்னரிலும் அப்படியே.

ப: ‘கேஷ் தயார்’ என்ற கொடியைக் குளோபல் ஸ்டேட்டிலும் உண்மையான தரவைக் குளோபல் ஸ்டோரேஜ் ஃபோல்டரிலும் வைத்திருப்பீர்கள். ரிமோட்டில் இவை இரண்டும் இரண்டு கணினிகளில் இருக்கின்றன. ஸ்டேட் பயனர் முன்னால் உள்ள கணினியில். ஸ்டோரேஜ் ஃபோல்டர், உங்கள் எக்ஸ்டென்ஷன் எங்கே ஓடுகிறதோ அங்கே. அவர் இன்று ஒரு சர்வர், நாளை இன்னொரு சர்வர் என்று இணைந்தால் கொடி கூடவே வரும், ஃபைல் வராது. கன்டெய்னரை ரீபில்ட் செய்தாலும் உள்ளே எழுதியது போய்விடும், தனி வால்யூம் இணைத்திருந்தால் தவிர.

கேஷைப் பற்றிய எந்தத் தகவலையும் கேஷுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அமைப்பு எண், கடைசியாகச் சுத்தம் செய்த நேரம் எல்லாம் அந்த ஃபோல்டரிலேயே ஒரு சின்ன ஃபைலில் இருக்கட்டும். முதல் பதிலில் அமைப்பு எண்ணை ஸ்டேட்டில் வைக்கலாம் என்றோமே, அது டெஸ்க்டாப்பில் மட்டும் ஓடும் எக்ஸ்டென்ஷனுக்குப் பொருந்தும். ரிமோட்டிலும் ஓடுமானால் ஃபைலோடுதான் வைக்க வேண்டும்.

பிரவுசரில் ஓடும் எடிட்டரையும் ஆதரிப்பதாக இருந்தால் நோடின் எஃப்எஸ் அங்கே கிடையாது. எஃப்எஸ் பாத் என்று எடுத்துப் பாதையை ஒட்டாமல், யூஆர்ஐயை யூஆர்ஐயாகவே ஜாயின் பாத்தில் கொடுத்து வொர்க்ஸ்பேஸ் எஃப்எஸ் வழியாகப் போங்கள். தற்காலிக ஃபைல் தந்திரத்தை, யூஆர்ஐயின் ஸ்கீம் ‘ஃபைல்’ ஆக இருக்கும்போது மட்டும் நோட் வழியில் செய்தால் போதும்.

கே: ப்ராஜெக்ட் ஃபோல்டரின் பெயரை மாற்றினேன், வொர்க்ஸ்பேஸ் கேஷ் முழுவதும் காலி. இது பிழையா?

ப: பிழையல்ல. வொர்க்ஸ்பேஸின் அடையாளம் ஃபோல்டரின் பாதையிலிருந்தும், அது உருவான நேரம் அல்லது லினக்ஸானால் ஐநோட் எண்ணிலிருந்தும் ஹாஷாக எடுக்கப்படுகிறது. பெயர் மாறினாலும், அதே இடத்தில் அழித்து மறுபடி க்ளோன் செய்தாலும் அடையாளம் புதிது. ஒற்றை ஃபோல்டரைப் பல ஃபோல்டர் வொர்க்ஸ்பேஸாக மாற்றினாலும் அப்படித்தான். கணக்கிட மணிக்கணக்கில் ஆகும் முடிவு என்றால், உள்ளடக்க ஹாஷைக் கீயாக வைத்துக் குளோபல் ஸ்டோரேஜில் வையுங்கள். பாதை எங்கே போனாலும் ஹாஷ் மாறாது.

கே: ஏபிஐ டோக்கனைக் குளோபல் ஸ்டேட்டில் வைக்கலாமா?

ப: கூடாது. அது மறையாக்கம் இல்லாத ஃபைல். சீக்ரெட்ஸ் என்ற ஏபிஐ இருக்கிறது: ஸ்டோர், கெட், டெலீட் என்று எளிமையானதுதான். அதில் வைப்பது மற்றக் கணினிகளுக்கு சிங்க் ஆகாது, அங்கே மறுபடி கேட்க வேண்டும். டோக்கனைப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த டோக்கனால் கிடைத்த தனியார் ரெபோவின் பதில்களைச் சாதா ஜேசனாக டிஸ்க்கில் கொட்டுவதையும் பார்க்கிறோம். குறைந்தபட்சம், பயனர் சைன் அவுட் செய்யும்போது அந்தக் கேஷை அழித்துவிடுங்கள். கீயிலும் கணக்கின் அடையாளத்தைச் சேருங்கள். இல்லாவிட்டால் ஒரு கணக்கின் தரவு அடுத்த கணக்குக்குத் தெரியும்.

கே: கிட்ஹப் ஏபிஐ பதில்களை 10 நிமிடம் கேஷ் செய்கிறேன். ஆனாலும் மணிக்கு இத்தனை கோரிக்கைகள் என்ற வரம்பு தீர்ந்துவிடுகிறது.

ப: காலாவதி ஆனதும் முழுதாக மறுபடி கேட்கிறீர்கள். பதிலோடு வரும் ஈடேக் தலைப்பையும் (பதிலின் வெர்ஷனைக் குறிக்கும் அடையாளம்) சேர்த்து டிஸ்க்கில் வையுங்கள். காலம் முடிந்ததும் அந்த ஈடேகை இஃப்-நன்-மேட்ச் தலைப்பில் அனுப்பிக் கேளுங்கள். மாறவில்லை என்றால் 304 வரும், உடல் வராது, டிஸ்க்கில் இருப்பதையே காட்டிவிட்டுக் காலத்தை நீட்டிக்கொள்ளலாம். டோக்கனோடு கேட்டு 304 கிடைத்தால் கிட்ஹப் அதை முதன்மை வரம்பில் கணக்கு வைப்பதில்லை. டோக்கன் இல்லாமல் கேட்டால் மணிக்கு 60 கோரிக்கைகள்தான். பயனர் டோக்கன் இருந்தால் 5,000.

இணையம் இல்லாதபோது காலாவதியான பதிலையும் காட்டுங்கள், எப்போது எடுத்தது என்று பக்கத்தில் போட்டு. ‘இல்லை’ என்று வந்த 404 பதிலையும் ஒரு நிமிடமாவது கேஷ் செய்யுங்கள். இல்லாத ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்பதிலேயே பாதி வரம்பைத் தொலைக்கும் எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. 500 வகைப் பிழைகளை மட்டும் ஒருபோதும் கேஷ் செய்யாதீர்கள்.

கே: பதிவுகள் 20,000-ஐத் தாண்டும். எஸ்க்யூலைட்டுக்குப் போகலாமா?

ப: எஸ்க்யூலைட் நல்லதுதான், அதை எக்ஸ்டென்ஷனுக்குள் கட்டி எடுத்துப் போவதுதான் பாடு. நேட்டிவ் மாட்யூல் என்றால் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் சிப்புக்கும் தனி பைனரி. எடிட்டர் தன் அடித்தளமான எலக்ட்ரானை மாற்றும்போது பொருந்தாமல் போகலாம். எக்ஸ்டென்ஷனைப் பேக்கேஜாக்கும் விஎஸ்சிஇ கருவியில் டார்கெட் கொடுத்து ஏழெட்டுப் பேக்கேஜ் வெளியிட வேண்டும். வாஸ்ம் (வெப்அசெம்ப்ளி) வடிவிலான எஸ்க்யூஎல் டாட் ஜேஎஸ் எங்கும் ஓடும், ஆனால் டேட்டாபேஸ் முழுவதும் நினைவகத்தில் இருக்கும், சேமிக்கும்போது முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து எழுத வேண்டும். அதாவது, பெரிய ஜேசன் ஃபைலின் அதே குறை. நெட்வொர்க் டிரைவில் ஹோம் ஃபோல்டர் உள்ளவர்களிடம் எஸ்க்யூலைட்டின் ‘வால்’ முறை (மாற்றங்களை முதலில் தனி லாக் ஃபைலில் எழுதுவது) வேலை செய்யாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வெறும் ‘கீ கொடு, மதிப்பு வாங்கு’ என்றால் ஃபைல்களே போதும். ஹாஷின் முதல் இரண்டு எழுத்தை ஃபோல்டர் பெயராக்கினால் 256 ஃபோல்டர்கள். 20,000 பதிவுகளுக்கு ஒரு ஃபோல்டரில் சராசரியாக 78 ஃபைல். எந்த இயங்குதளமும் அதற்கு முனகாது. ‘இந்த ஃபங்ஷனை அழைக்கும் எல்லா இடமும்’ போன்ற தேடல் வேண்டுமென்றால் மட்டும் எஸ்க்யூலைட்டின் பாட்டைப் படலாம். எதுவானாலும் ஆக்டிவேட்டில் எல்லாவற்றையும் படிக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் ஒரே த்ரெட். நீங்கள் 30 எம்பி ஜேசனை பார்ஸ் செய்யும் நேரத்தில் மற்றவர்களின் ஆட்டோ கம்ப்ளீட்டும் நிற்கும், பயனர் யாரைத் திட்டுவார் என்பது அவருடைய மனநிலையைப் பொறுத்தது.

கே: கேஷ் 3 ஜிபி ஆகிவிட்டது என்று ஒரு பயனர் இஷ்யூ போட்டிருக்கிறார். எப்படிக் கட்டுப்படுத்துவது?

ப: உச்சவரம்பு ஒன்றை முதல் நாளே வைத்திருக்க வேண்டும். 200 எம்பி என்று வைத்துக்கொள்வோம். தொட்டதும் 160-க்கு இறக்குங்கள். 199-க்கு இறக்கினால் அடுத்த எழுத்திலேயே மறுபடி சுத்தம் செய்ய வேண்டி வரும். நீண்ட நாள் தொடாதவை முதலில் போக வேண்டும். தொட்ட நாளை அறிய ஃபைல் சிஸ்டத்தின் அணுகல் நேரத்தை நம்ப வேண்டாம். பல லினக்ஸ் அமைப்புகளில் அது ஒவ்வொரு முறையும் பதிவாவதில்லை. பதிவைப் படிக்கும்போது, அதன் மாற்ற நேரம் ஒரு நாளைக்கு மேல் பழையதாக இருந்தால் யூடைம்ஸ் கொண்டு இன்றைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு எழுத்துதான், அளவுகோலும் கிடைத்துவிடும். சுத்தத்தை ஆக்டிவேட் ஆகி ஒரு நிமிடம் கழித்து, நாளுக்கு ஒருமுறை, 50 ஃபைலுக்கு ஒரு இடைவெளி விட்டுச் செய்யுங்கள். ஒரு நாளுக்கு மேல் பழைய தற்காலிக ஃபைல்களையும் அப்போதே கூட்டிவிடலாம்.

வொர்க்ஸ்பேஸ் ஸ்டோரேஜை மட்டும் உங்களால் முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. பயனர் அழித்துவிட்ட ப்ராஜெக்டின் ஃபோல்டர் அங்கே அனாதையாகக் கிடக்கும், அந்த ப்ராஜெக்ட் இனித் திறக்கப்படாததால் உங்கள் கோட் அங்கே எட்டிப் பார்க்கவே வழியில்லை. பெரியவற்றை அங்கே வைக்காததே தீர்வு.

‘கேஷை அழி’ என்று ஒரு கமாண்டைக் கட்டாயம் கொடுங்கள். எக்ஸ்டென்ஷனை நீக்கும்போது ஓட, பேக்கேஜ் டாட் ஜேசனில் அன்இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் ஒன்றைக் குறிப்பிடலாம். அது நீக்கிய உடனே ஓடாது, எடிட்டரை மூடித் திறந்த பிறகுதான் ஓடும். வெறும் நோட் ஸ்கிரிப்ட், எடிட்டர் ஏபிஐ எதுவும் அதற்குள் கிடைக்காது.

கே: செட்டிங்ஸ் சிங்க்கில் கேஷையும் சேர்க்கலாமா?

ப: வேண்டாம். செட் கீஸ் ஃபார் சிங்க்கில் பயனரின் விருப்பங்களை மட்டும் கொடுங்கள். ஒரு கணினியின் பாதைகள் இன்னொன்றில் குப்பை.

கே: இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? என் கணினியில் எப்போதும் கேஷ் நிறைந்தே இருக்கிறது.

ப: டெஸ்ட்டை ஓட்டும்போது யூசர் டேட்டா டைரக்டரியாக ஒரு புதிய காலி ஃபோல்டரைக் கொடுங்கள், ஒவ்வொரு ஓட்டமும் புதிதாக நிறுவியவரின் அனுபவமாகிவிடும். ஸ்டேட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க, கமாண்ட் பேலட்டில் டெவலப்பர் பிரிவில் ஸ்டோரேஜ் டேட்டாபேஸின் உள்ளடக்கத்தை லாக் செய்யும் கமாண்ட் உண்டு.

பிறகு கேஷை வேண்டுமென்றே கெடுங்கள். ஒரு ஃபைலைப் பாதியில் வெட்டுங்கள், இன்னொன்றைச் சைபர் பைட்டாக்குங்கள், இன்னொன்றில் அமைப்பு எண்ணை உங்களுடையதைவிடப் பெரியதாக்குங்கள். கடைசியாகச் சொன்னது வேடிக்கைக்கு அல்ல: ப்ரீ-ரிலீஸை முயன்று பார்த்துவிட்டுப் பழைய வெர்ஷனுக்குத் திரும்புகிறவர்களிடம் இந்த நிலைதான் இருக்கும். ஃபோல்டரை ரீட் ஒன்லியாக்கி ஒருமுறை ஓட்டுங்கள். ஒரே ப்ராஜெக்ட்டின் இரண்டு க்ளோன்களை இரண்டு விண்டோவில் திறந்து இரண்டிலும் ஒரே நேரத்தில் முழு லின்ட் ஓட விடுங்கள். எல்லாவற்றிலும் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றுதான்: காலிக் கேஷோடு ஓடினால் என்ன முடிவு வருமோ அதே முடிவு, கொஞ்சம் தாமதமாக. டெஸ்ட்டில் ஒப்பிட வேண்டியதும் அதைத்தான். ஒரே ப்ராஜெக்டைக் கேஷ் இல்லாமல் ஒருமுறை, கேஷோடு இரண்டு முறை ஓட்டி மூன்று வெளியீடுகளையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் வேறுபட்டால் எழுதும்போது ஏதோ தொலைகிறது, முதலாவது மட்டும் வேறுபட்டால் கீயில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.